பூட்டில்லாத மூன்று சாவி

பேச்சிமுத்து செய்த பூட்டு ஒன்றுகூட அவர் பட்டறைக்குத் திரும்பி வந்தது கிடையாது. சாவியைத் தொலைத்துவிட்டு அசடு வழிந்துகொண்டு வருவார்கள், அது வேறு சங்கதி. பூட்டு சரியில்லை என்று தூக்கிக்கொண்டு வந்தவர் நாகல் நகரில் யாரும் இல்லை. இருபத்தைந்து வருஷமாக அப்படி. ஒவ்வொரு பூட்டின் வயிற்றிலும் சின்ன உளியால் 'பே.மு.' என்று தட்டிவிடுவார். பெரிய வீடு, தோட்டம், துரவு என்று அவருக்கு எதுவும் கிடையாது. அந்த இரண்டு எழுத்துத்தான் அவர் சொத்து என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

அறுபத்தாறாம் வருஷம் தை மாசம், ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் நூர் அகமது பட்டறைக்கு வந்தார். அதே தெருவில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருப்பவர். வலது மணிக்கட்டில் துணி சுற்றியிருந்தது. சைக்கிளிலிருந்து விழுந்து ஒரு மாசம் ஆகியும் வலி விடவில்லை.

"அண்ணே, மூணு சாவி வேணும்."

"பூட்டைக் கொடுங்க பாய்."

"பூட்டு இல்லண்ணே."

"தொலஞ்சு போச்சா? பூட்டைத் தொலைச்சவர இன்னைக்குத்தான் பாக்குறேன்."

"பூட்டே கிடையாதுண்ணே. இது ரேடியோவுக்கு."

பேச்சிமுத்து அரத்தைக் கீழே வைத்துவிட்டு அவரை ஏற இறங்கப் பார்த்தார். விழுந்ததில் கையில் மட்டும்தான் அடியா, தலையிலும் பட்டிருக்கிறதா என்று அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

நூர் அகமது பொறுமையாக உட்கார்ந்து விளக்கினார். கடையின் மாடி அறையில் அவரிடம் ஒரு பெட்டி இருக்கிறது. பாட்டுக் கேட்கிற பெட்டி இல்லை; இங்கிருந்து சத்தம் அனுப்புகிற பெட்டி. அதற்கு சர்க்கார் லைசென்ஸ் உண்டு. தந்தி ஆபீஸில் தட்டுகிறார்களே, அதே மாதிரி நீளமும் குட்டையுமாகத் தட்டினால், கம்பியே இல்லாமல் காற்றில் போகும். எங்கோ இலங்கையிலோ பம்பாயிலோ இதே மாதிரி பெட்டி வைத்திருக்கிறவர் கேட்டுப் பதில் தட்டுவார். அப்படித் தட்டுவதற்கு ஒரு பித்தளைக் கை உண்டு. அதற்குத்தான் சாவி என்று பெயர்.

"எதையும் திறக்காத சாவியா?"

"காத்தைத் திறக்குதுன்னு வச்சுக்கங்க."

அவரிடம் இருந்ததே ஒரு சாவிதான். பட்டாளத்துச் சாமான்களை ஏலம் விட்டபோது வாங்கியது. மதுரையில் ஒரு சிநேகிதருக்கு இரவல் கொடுத்திருந்தார். சிநேகிதருக்கு மாற்றல் உத்தரவு வந்து, சாவியோடு பெங்களூருக்குப் போய்விட்டார்.

இப்போது மூன்று பேர் சேர்ந்து ஒரு சங்கம் வைக்கிறார்கள். நூர் அகமது ஒருவர். பெண்கள் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் நடத்துகிற செபாஸ்தியம்மாள் டீச்சர் ஒருவர். அகரத்துப் பொன்னுத்துரை ஒருவர். ரயில்வேயில் முப்பது வருஷம் தந்தி அடித்துவிட்டு வந்து கத்தரித் தோட்டம் பார்க்கிற மனிதர். சங்கத்துக்கு லைசென்ஸ் கொடுக்கலாமா என்று பார்க்க மெட்ராஸிலிருந்து ஓர் ஆபீசர் ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு வருகிறார்.

"ஒரே பெட்டி. அதுல மூணு சாவியும் மாட்டணும். எனக்கு மணிக்கட்டு வலி, தொட்டாலே அமுங்குற மாதிரி வேணும். பொன்னுத்துரை ஐயாவுக்குக் கை நடுங்குது, ஸ்பிரிங் விறைப்பா இருக்கணும். டீச்சரு இடதுகைக்காரங்க, அவுகளுக்கு மேசையில இடது பக்கமா வரணும்."

பேச்சிமுத்துவுக்குத் தலை சுற்றியது. ஒரு பூட்டுக்கு மூன்று சாவி என்றால் மூன்றும் அச்சில் வார்த்த மாதிரி ஒன்றாக இருக்கவேண்டும். அதுதான் தொழில். இங்கே பூட்டு இல்லை, சாவி மூன்று, மூன்றும் மூன்று தினுசு.

"சரி பாய், இது என்ன வேலை செய்யணும்? அதைச் சொல்லுங்க."

நூர் அகமது ஒரு காலண்டர் தாளைத் திருப்பிப் படம் போட்டார். ஒரு பலகை, அதன்மேல் நீளமாக ஒரு கை, கையின் நுனியில் குமிழ், கைக்கு முன்னால் ஒரு கால், பின்னால் ஒரு கால். மேலேயிருந்து பார்த்தால் எப்படித் தெரியுமோ அப்படிப் போட்டிருந்தார். எது எதன்மேல் தொடுகிறது, எங்கே இடைவெளி என்பதெல்லாம் அந்தப் படத்தில் தெரியாது.

"கரண்டு போற வழி இருக்குல்ல? குமிழை அமுக்குனா வழி மூடணும். கைய எடுத்தா வழி திறந்திருக்கணும். அம்புட்டுத்தான்."

"அமுக்குனா மூடணும். விட்டாத் திறந்திருக்கணும்."

"அதேதான்! அண்ணே, உங்க முத்திரையையும் போட்டுருங்க. நம்ம ஊர்ச் சாமான்னு ஆபீசர் பாக்கட்டும்."

நான்கு நாள் ராப்பகலாக அந்த நினைப்பிலேயே இருந்தார் பேச்சிமுத்து. பூட்டு லீவர் போல பித்தளைக் கையை அறுத்து, அராவி, மூன்று ஸ்பிரிங்கை மூன்று பதத்தில் சுற்றினார். தேக்குப் பலகையில் இருத்தினார். கையை விட்டால் அது பின்னங்காலில் கச்சிதமாகப் போய் உட்கார்ந்தது, வழி திறந்தாயிற்று. அமுக்கினால் பின்னங்காலை விட்டு எழும்பியது, வழி மூடியாயிற்று. முன்னங்கால் சும்மா தடுப்புக்குத்தான். பித்தளையும் பித்தளையும் இடித்துச் சத்தம் போடக்கூடாது என்று, தோல் ஷாப்பிலிருந்து ஒரு துண்டு வாங்கி வந்து ஒவ்வொரு முன்னங்காலின் தலையிலும் பசை போட்டு ஒட்டினார்.

அவர் மனைவி பெருமாயி வெங்காயம் உரித்துக்கொண்டே பார்த்தாள்.

"இதை எந்தக் கதவுல மாட்டுறது?"

"கதவுல இல்ல. காத்துல."

"மாட்டுங்க, மாட்டுங்க. டீச்சரம்மா நொட்டாங்கையால தட்டுறாகளாமே? நல்ல காரியத்துக்கு அந்தக் கையை யாராச்சும் நீட்டுவாகளா?"

"காத்துல போற சத்தத்துக்கு எந்தக் கைன்னு தெரியுமாக்கும்?"

வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டாரே தவிர, அவருக்கு உள்ளே உதறல்தான். கடைசியாக உளியை எடுத்தபோது கை தயங்கியது. என்ன செய்கிறது என்று தெரியாத பொருளில் இதுவரை பெயர் போட்டதில்லை. ஆனாலும் பாய் ஆசையாகக் கேட்டாரே! ஒவ்வொரு கையின் முதுகிலும் 'பே.மு.' என்று தட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு மாடி அறையில் மேசை தயார். செபாஸ்தியம்மாள் கஞ்சி போட்ட சேலையில் பூசை முடிந்து நேராக வந்திருந்தார். அகரத்துப் பஸ் வராததால் பொன்னுத்துரையைக் காணவில்லை. பேச்சிமுத்து மூன்று சாவியையும் மேசையில் திருகி முடுக்கினார். ஒவ்வொன்றுக்கும் இரண்டு கம்பி.

"அண்ணே, கம்பியை எதுல மாட்டணும்?"

"ஒண்ணு கையில, ஒண்ணு பின்னங்கால்ல பாய்."

நூர் அகமது மாட்டினார். மூன்று சாவியின் கம்பிகளையும் ஒன்றாக முறுக்கிப் பெட்டியில் செருகி, விசையைப் போட்டார். பெட்டி சூடாகச் செத்த நேரம் ஆனது. அதன் சத்தத்தைக் கேட்பதற்கென்று பக்கத்தில் வேறொரு ரேடியோ வைத்திருந்தார்.

பீ... என்று ஆரம்பித்தது.

யாரும் எதையும் தொடவில்லை. பீ என்ற சத்தம் நிற்கவும் இல்லை, குறையவும் இல்லை. செபாஸ்தியம்மாள் தன் சாவியைத் தட்டிப் பார்த்தார். பீ. நூர் அகமது தன்னுடையதைத் தட்டினார். பீ. மூன்றாவதையும் தட்டினார். அதே பீ.

கீழே டீக்கடையிலிருந்து ராமரின் குரல் வந்தது. "பாய்! ஏ பாய்! என் ரேடியோவுல நல்ல பாட்டு ஓடுச்சு, ஒரேடியா முங்கிப் போச்சு! மேல என்ன, சங்கு ஊதுறீகளா?"

நூர் அகமது விசையை அணைத்தார். மறுபடி போட்டார். பீ.

"எங்கயோ ஒரு சாவி ஒட்டிக்கிட்டிருக்கு" என்றார். "ஒவ்வொண்ணாக் கழட்டிப் பாத்தாத் தெரிஞ்சிரும். எதைக் கழட்டுனதும் சத்தம் நிக்குதோ அதுதான் பழுது."

முதல் சாவியைக் கழற்றினார்கள். சத்தம் நிற்கவில்லை. அப்படியானால் அது நல்ல சாவி. அதைத் திரும்ப மாட்டிவிட்டு இரண்டாவதைக் கழற்றினார்கள். நிற்கவில்லை, அதுவும் நல்ல சாவி. அதை மாட்டிவிட்டு மூன்றாவதைக் கழற்றினார்கள். அதற்கும் நிற்கவில்லை.

"மூணும் நல்ல சாவி" என்றார் நூர் அகமது. "அண்ணன் கைவேலையில பழுது வருமா? பெட்டிதான் ஏதோ பண்ணுது."

பேச்சிமுத்து மூச்சு விட்டார். விட்ட மூச்சு முழுதாக வெளியே வரவில்லை. மூன்றும் நல்ல சாவி என்றால் மூன்றில் ஒன்றாவது வேலை செய்யவேண்டாமா? யோசிக்க யோசிக்க, ஒரு நூல்கண்டின் நுனியைத் தேடப் போய் நாலு நுனி கையில் வந்த மாதிரி இருந்தது.

நூர் அகமது பெட்டியைத் திறந்து தலையை உள்ளே விட்டார். பல்பு போன்ற வால்வுகளைப் பிடுங்கித் துடைத்து மாட்டினார். கம்பிகளை மோந்துகூடப் பார்த்தார். செபாஸ்தியம்மாள் ஒரு நோட்டில் படம் போட்டு, அழித்து, மறுபடி போட்டார்.

"பாய், பெட்டிக்கும் சாவிக்கும் நடுவுல கம்பி உரசுதோ?"

"இருக்கலாம் டீச்சர்."

கம்பியை மாற்றினார்கள். பீ.

"வால்வு போயிருக்குமோ?"

"போயிருந்தா சத்தமே வராதே."

"அப்ப நல்லா இருக்கா?"

"நல்லா இருந்தா நிக்கணுமே!"

இந்தக் குழப்பத்தின் நடுவில் படியேறி வந்தார் ஆபீசர். ஒல்லியான மனிதர், கக்கத்தில் குடை, கையில் தோல்பை. வாசலிலேயே நின்று காதைக் கொடுத்துக் கேட்டார்.

"என்ன சார் இது? யாராவது செத்துட்டாங்களா, இப்படி ஊளையிடுது?"

நூர் அகமது நெளிந்தார். ஆபீசரை உட்காரவைத்து டீ வரவழைத்தார். டீயைக் கொண்டுவந்த ராமர், "சார், என் ரேடியோவுக்கும் ஒரு நியாயம் சொல்லிட்டுப் போங்க" என்று ஒரு வார்த்தை போட்டுவிட்டுப் போனார். ஆபீசரும் பெட்டியைப் பார்த்தார், கம்பியைப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். அவருக்கும் பிடிபடவில்லை.

"எனக்கு ஒண்ணரை மணிக்கு பஸ். சத்தத்தை நிறுத்தி ஒரு வரி அடிச்சுக் காட்டினாப் போதும். இல்லேன்னா விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்புறதைத் தவிர எனக்கு வழியில்லை."

செபாஸ்தியம்மாளின் முகம் சுண்டிப்போயிற்று. ஆபீசரின் பார்வை மெதுவாகப் பெட்டியை விட்டு மேசைக்கு வந்தது.

"இந்தச் சாவியெல்லாம் எங்கே வாங்கினது?"

"இங்கயே செஞ்சது சார். முத்திரை இருக்கும் பாருங்க" என்றார் நூர் அகமது.

ஆபீசர் குனிந்தார். பேச்சிமுத்துவுக்கு உடம்பெல்லாம் கூசியது. ஊளையிடுகிற பெட்டிக்குப் பக்கத்தில் தன் பெயரா! அவருக்கு அருகில் இருந்தது பொன்னுத்துரையின் விறைப்பான சாவி. சட்டென்று உள்ளங்கையை அதன்மேல் வைத்து 'பே.மு.'வை மறைத்தார். மறைக்கிற அவசரத்தில் கை அழுந்திவிட்டது. அதே சமயம், தன் சாவி வேலை செய்கிறதா என்று காட்ட நூர் அகமது தன்னுடையதை அமுக்கிப் பிடித்திருந்தார். செபாஸ்தியம்மாளும் ஆத்திரத்தில் இடது கையால் தன்னுடையதை அழுத்திக்கொண்டிருந்தார்.

சத்தம் நின்றது.

அறையே செவிடான மாதிரி ஆயிற்று. கீழே ராமரின் ரேடியோவில் ஒரு பெண் குரல் பாட்டின் நடுவிலிருந்து எழுந்து வந்தது.

மூவரும் திடுக்கிட்டுக் கையை எடுத்தார்கள். பீ...

"எங்கோ லூஸ் காண்டாக்ட் சார்" என்றார் நூர் அகமது. "தானா நிக்குது, தானா வருது. பெட்டிக் கோளாறுதான். எம்மேல தப்பு. இன்னொரு நாள் வரமுடியுமான்னு..."

ஆபீசர் குடையைத் தேடினார்.

பேச்சிமுத்து மட்டும் தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டே நின்றார். கையில் 'பே.மு.' இடம் வலம் மாறிப் பதிந்திருந்தது. மூன்று கையும் சேர்ந்து அமுங்கியபோது நின்றது. மூன்று கதவு. மூன்றையும் சாத்தினால்தான் ஆள் போவது நிற்கும். ஒன்று திறந்திருந்தாலும் அதன் வழியாகப் போய்விடுவான். ஒரு கதவை மட்டும் பெயர்த்து எடுத்தால் மற்ற இரண்டும் திறந்துதானே கிடக்கின்றன? அமுக்கினால் மூடுகிறது, விட்டால் திறந்திருக்கிறது. சொன்னபடிதான் செய்திருக்கிறார். சொன்னபடி செய்ததுதான் தப்பா? அல்லது சொன்னதே...

வாயைத் திறக்காமல் இருந்துவிடலாம். பாயே பெட்டிமேல் பழியைப் போட்டுவிட்டார். 'பே.மு.' இருபத்தைந்து வருஷப் பெயரோடு படியிறங்கிப் போகலாம். நீங்களும் நானும் அந்த இடத்தில் இருந்தால் என்ன செய்திருப்போமோ!

"செத்த நேரம் நில்லுங்க சார்" என்றார் பேச்சிமுத்து. "பெட்டி ஒண்ணும் பண்ணல. அந்த முத்திரை என்னோடது. மூணு சாவியும் நான் செஞ்சது. மூணும் தப்பு."

"என்னண்ணே சொல்றீங்க? ஒவ்வொண்ணாக் கழட்டிப் பாத்தமே!"

"ஒண்ணு கெட்டிருந்தா அதைக் கழட்டுனதும் நின்னிருக்கும் பாய். மூணும் கெட்டுருக்கு. ஒண்ணைக் கழட்டுனா மிச்சம் ரெண்டும் ஊதுதுல்ல?" மூன்று சாவியையும் விரலால் சுட்டினார். "பாய், ஒண்ணு கேக்குறேன். வழி மூடியிருந்தா கரண்டு போகுமா, போகாதா?"

"மூடியிருந்தாத்தாண்ணே போகும்!"

"மூடியிருந்தா எப்படிய்யா போகும்? மூடுன கதவுல யாரு போவா?"

நூர் அகமது வாயைத் திறந்தார். மூடினார். செபாஸ்தியம்மாள் தலையில் கை வைத்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். கண்ணில் நீர் வந்துவிட்டது.

"அண்ணே, கரண்டுக்கு அது கதவு இல்ல, பாலம்! ரெண்டு பக்கமும் தொட்டாத்தான் நடந்து போகும். அப்படித் தொட்டுச் சேருறதைத்தான் இவுக மூடுறதுங்கிறாக. தொடாம விட்டா நடுவுல பள்ளம், விழுந்துரும். அதுக்குப் பேரு திறந்திருக்கு."

"பாலம்னு முந்தியே சொல்லியிருந்தா நான் பாலம் செஞ்சிருப்பேனே டீச்சரம்மா! பூட்டுக்காரன்கிட்ட வந்து திறக்கணும் மூடணும்னா அவன் என்னத்தை நினைப்பான்?"

"எம்மேலதாண்ணே தப்பு. நான்தான் வழின்னு சொன்னேன்" என்றார் நூர் அகமது.

"உங்க மேலயும் இருக்கு, எம்மேலயும் இருக்கு, பெட்டி மேல இல்ல. விடுங்க. கம்பியைப் பின்னங்கால்ல இருந்து கழட்டி முன்னங்கால்ல மாட்டுங்க. அமுக்குனா கை அங்கதான் வந்து தொடும். இருங்க, இருங்க, அதுல தோலு ஒட்டியிருக்கேன்."

மடியிலிருந்து பேனாக்கத்தியை எடுத்து மூன்று முன்னங்காலின் தலையிலிருந்தும் தோலைச் சுரண்டினார். அரத்தால் நாலு இழுப்பு இழுத்துப் பித்தளையைப் பளபளக்கச் செய்தார். நூர் அகமது கம்பிகளை மாற்றி மாட்டி விசையைப் போட்டார்.

பெட்டி சூடானது. சத்தம் இல்லை.

"டீச்சர், நீங்க அடிங்க" என்றார் நூர் அகமது.

செபாஸ்தியம்மாள் இடது கையை நீட்டினார். ஆபீசரின் கண் ஒரு நொடி அந்தக் கைமேல் நின்றது. பிறகு அவர் காகிதத்தையும் பென்சிலையும் எடுத்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டார். கேட்க ஆரம்பித்ததும் பென்சில் தானாக ஓடியது. நீளம், குட்டை, குட்டை, நீளம். சின்னக் குருவி ஒன்று எண்ணி எண்ணிக் கத்துகிற மாதிரி இருந்தது. ஓய்ந்ததும் ஆபீசர் கண்ணைத் திறந்து, காகிதத்தில் இருந்த இங்கிலீஷைத் தமிழில் படித்தார்.

"சாவி மூணும் நல்லா இருக்கு. செய்தவர் பேச்சிமுத்து." நிமிர்ந்து பேச்சிமுத்துவைப் பார்த்தார். "இது உங்க பேர்தானே?"

பேச்சிமுத்துவுக்கு ஒன்றும் புரியவில்லை. "எங்க சார் வந்துச்சு என் பேரு?"

"கடைசியில் வந்ததே, அதுதான்."

"இன்னொரு தடவை அடிங்க டீச்சரம்மா."

செபாஸ்தியம்மாள் அந்தப் பெயரை மட்டும் தட்டினார். பேச்சிமுத்து காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார். பேச்சி எங்கே முடிந்து முத்து எங்கே ஆரம்பித்தது என்றே தெரியவில்லை.

"இம்புட்டு நீளமா நானு?" என்றார்.

அந்த நேரத்தில்தான் பொன்னுத்துரை வேர்த்து விறுவிறுத்துப் படியேறி வந்தார், கையில் ஒரு பை கத்தரிக்காயோடு. தன் சாவியில் உட்கார்ந்து நடுங்குகிற கையால் ஒரு வரி தட்டினார். விறைப்பான ஸ்பிரிங்கில் நடுக்கம் அடங்கி எழுத்து எழுத்தாக வந்தது. பின்னங்காலையும் முன்னங்காலையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "கம்பியைச் சரியாத்தானே மாட்டியிருக்கீக? புதுசா மாட்டுறவுக பின்னாடி மாட்டிட்டு முழிப்பாக" என்றார். ஆபீசர் இருமிக்கொண்டே தன் காகிதத்தில் கையெழுத்துப் போட்டார். லைசென்ஸ் தபாலில் வரும் என்றார்.

உச்சி வெயிலில் பேச்சிமுத்து வீடு வந்து சேர்ந்தார். சட்டைப்பையில் மூன்று தோல்துண்டு. பெருமாயி சோற்றை வடித்துவிட்டுக் காத்திருந்தாள். பொன்னுத்துரை கொடுத்த பாதிக் கத்தரிக்காயை அவளிடம் நீட்டினார்.

"போன காரியம் என்னாச்சு? சாவி திறந்துச்சா?"

"திறந்தா ஆகாதாம். மூடணுமாம்."

"மூடிருச்சா?"

"முதல்ல மூடல. திறந்துதான் இருந்துச்சு. அதான் ஓயாமக் கத்துச்சு."

"கதவு திறந்து கிடந்தாக் கத்துமா?"

"கதவு இல்ல, பாலம்."

பெருமாயி அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். சூடு இல்லை.

"என் சாமான் திரும்பி வந்துருச்சு பெருமாயி" என்றார் அவர். "மூணு. இருந்த இடத்துலயே வந்துச்சு, இருந்த இடத்துலயே சரியாப் போச்சு. கணக்குல சேருமா சேராதா?"

"யாரு சொன்னா சரியில்லேன்னு?"

"நான்தான் சொன்னேன்."

அவள் கத்தரிக்காயை எடுத்து நீரில் போட்டாள். அப்புறம், "அடுப்புப் புகை அடைக்குது, அந்தக் கதவைத் திறந்து விடுங்க, போகட்டும்" என்றாள்.

பேச்சிமுத்து எழுந்து போய்க் கதவைப் பிடித்தார். திறந்தால் போகுமா, மூடினால் போகுமா? ஒரு நிமிஷம் கையைத் தாழ்ப்பாளில் வைத்துக்கொண்டு நின்றார். பிறகு எதற்கும் இருக்கட்டும் என்று இரட்டைக் கதவில் ஒன்றைத் திறந்து, ஒன்றைச் சாத்தியே வைத்துவிட்டு, வந்து இலையின் முன்னால் உட்கார்ந்தார்.